கட்டடம் எழும்புது, பஸ் நிற்குது

பொதுப் பல்கலைக்கழகங்களுக்கு ஆள் சேர்க்கும் யு.பி.யு. முடிவு வந்த வாரத்தில், மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்துப் பெஸ்தாரி ஜெயாவில் பல வீட்டு மேசைகளில் ஒரு சுராட் தவாரான், அதாவது சேர்க்கைக் கடிதம், விரிந்து கிடக்கும். ஊரின் பழைய பெயர் பத்தாங் பெர்ஜுந்தை. தோட்டத்து ஆட்களுக்கு இன்னமும் அதுதான் வாயில் வரும். கடிதத்தின் முதல் பக்கம் வாழ்த்து, அடுத்தது பதிவு நாள், அதற்குப் பின்னால் எங்கோ கட்டணப் பட்டியல். அதைப் பார்த்ததும் பிள்ளையின் அப்பா கேட்பது பெரும்பாலும் இதைத்தான்: "கவர்மெண்டு யூனிவர்சிட்டிதானே அண்ணே, எதுக்கு இவ்வளவு காசு?"

பட்டியலை வரி வரியாகப் படித்தால் பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது. யூரான் பெங்காஜியான், அதாவது பாடக் கட்டணம், பயப்படும்படி இருக்காது. அதை ஏற்றினால் மறுநாளே நாடாளுமன்றத்தில் சத்தம் எழும் என்பதால் அதைத் தொடத் தயங்குவார்கள். அதற்குக் கீழே உள்ள வரிகளில்தான் அசைவு தெரியும்: பதிவு, சேவை, புறப்பாடம், உடல்நலம், விடுதி. கடிதத்தில் எழுதாத செலவும் உண்டு. முன்பு வளாகத்துக்குள் இலவசமாக ஓடிய பஸ் குறைந்திருக்கும். நூலகத்தில் கிடைத்த ஆய்விதழ் கிடைக்காது. களப்பயணத்துக்கு மாணவர்களே காசு சேர்க்க வேண்டியிருக்கும். பட்ஜெட் வெட்டு வீட்டுக்குள் நுழையும் வாசல் இவைதான்.

மிச்சப் பாதியைப் புரிந்துகொள்ளச் சில ஆண்டுகள் பின்னால் போக வேண்டும். 2014 நடுவில் பீப்பாய்க்கு 100 டாலருக்கு மேல் விற்ற எண்ணெய், 2016 ஜனவரியில் 30 டாலருக்கும் கீழே போனது. எண்ணெய் வருமானத்தை நம்பிப் போட்ட 2016 பட்ஜெட்டை, ஆண்டு பிறந்த முதல் மாதமே திருத்த வேண்டி வந்தது. 2017க்கு வந்தபோது 20 பொதுப் பல்கலைக்கழகங்களின் நடைமுறைச் செலவு ஒதுக்கீடு 7.57 பில்லியன் வெள்ளியிலிருந்து (ரிங்கிட்) 6.12 பில்லியனுக்கு இறங்கியது. ஒரே ஆண்டில் சுமார் 19 விழுக்காடு. அதன் பிறகு எண்கள் ஏறின. உயர்க்கல்வி அமைச்சுக்கு 2024 பட்ஜெட்டில் 16.3 பில்லியன், 2025 பட்ஜெட்டில் 18 பில்லியன். ஆனால் பத்திரிகைத் தலைப்பில் வரும் இந்தத் தொகை அமைச்சு முழுவதற்கும் சேர்த்து: பாலிடெக்னிக், கொமுனிட்டி காலேஜ், போதனா மருத்துவமனை, கட்டுமானம் எல்லாம் அதற்குள் அடக்கம். உங்கள் பிள்ளை சேரும் பல்கலைக்கழகத்தின் பங்கு ஏறியதா இறங்கியதா என்பதை அதிலிருந்து சொல்லவே முடியாது.

19 விழுக்காடு என்றால் எல்லாச் செலவிலும் ஐந்தில் ஒரு பங்கு குறையும் என்று நினைப்பதுதான் முதல் தவறு. ஓர் உதாரணக் கணக்கு போடுவோம். ஒரு பல்கலைக்கழகம் செலவழிக்கும் 100 வெள்ளியில் 65 நிரந்தர ஊழியர் சம்பளம், 20 மின்சாரம், தண்ணீர், காவல், துப்புரவு என்று வைத்துக்கொள்ளுங்கள். நிரந்தர ஊழியர் சம்பளத்தைத் தொட முடியாது. மின்கட்டணம் கட்டாவிட்டால் விளக்கு அணையும். ஆக, 19 வெள்ளியை மிச்சமுள்ள 15 வெள்ளியிலிருந்து எடுக்க வேண்டும். போதாது. அதனால் ஒப்பந்த விரிவுரையாளர்கள் முதலில் போகிறார்கள், அடுத்து பகுதி நேர ஆசிரியர்கள், அதன் பின் ஆய்விதழ்ச் சந்தா, பராமரிப்பு, பஸ். பாடமே நடக்காமல் போவதில்லை. 30 பேர் இருந்த டியூட்டோரியலில் 60 பேர் உட்காருவார்கள், அவ்வளவுதான். அதை யாரும் செய்தியில் போட மாட்டார்கள்.

அப்படியானால் அதே வளாகத்தில் புதுக் கட்டடம் எப்படி எழும்புகிறது? பணமே இல்லை என்கிறார்கள், நுழைவாயிலுக்கு மட்டும் பளிங்கு பதிக்கிறார்கள் என்று ஊரில் பேசாதவர்கள் இல்லை. பாதிக் கோபம் நியாயம்தான். மீதிக்குக் காரணம் கணக்கு முறை. அரசாங்கப் பணம் இரண்டு பையில் வருகிறது. பெலாஞ்சா மெங்குருஸ் என்பது அன்றாடச் செலவு: சம்பளம், சேவை, பராமரிப்பு. பெலாஞ்சா பெம்பாங்குனான் என்பது மேம்பாட்டுச் செலவு: கட்டடம், பெரிய கருவி, சாலை. 2017இல் வந்தது போன்ற வெட்டில் இறுகுவது முதல் பை. இரண்டாவது பையில் ஏற்கெனவே கையெழுத்தான ஒப்பந்தம் ஓடிக்கொண்டே இருக்கும். அதை நிறுத்தினால் குத்தகையாளருக்கு நஷ்ட ஈடு தர வேண்டும். ஒரு பையிலிருந்து மறு பைக்குப் பணத்தை நினைத்தபடி மாற்றவும் முடியாது. இதனால்தான் கட்டடம் எழும்பும், பஸ் நிற்கும். வெட்டும் வீணும் ஒன்றையொன்று பெற்றெடுக்கும் இடம் இந்த இரண்டு பைக்கும் நடுவில் இருக்கிறது.

எப்படி என்று ஒரு கருவியை வைத்துப் பார்க்கலாம். வேதியியல் கூடங்களில் எச்.பி.எல்.சி. என்று ஒரு கருவி இருக்கும். மருந்திலும் உணவிலும் எண்ணெயிலும் என்னென்ன பொருள் எவ்வளவு கலந்திருக்கிறது என்று பிரித்துக் காட்டும். செம்பனை எண்ணெயின் வைட்டமின் ஈ அளவைக்கூட இதில் பார்க்கலாம். விலை இலட்சக் கணக்கில். மேம்பாட்டுப் பையிலிருந்து வாங்கிவிடுவார்கள், முதல் ஆண்டு உத்தரவாதமும் இருக்கும். இரண்டாம் ஆண்டிலிருந்து சேவை ஒப்பந்தம், கரைப்பான், கொலம் (column) எனப்படும் குழாய், விளக்கு எல்லாம் அன்றாடப் பையின் தலையில். அந்தப் பை இறுகிய ஆண்டில் சேவை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டார்கள். ஒப்பந்த லேப் உதவியாளரும் போய்விடுவார். உப்புக் கரைசல் ஓடிய கருவியைக் கழுவாமல் அணைத்துவிட்டால், தண்ணீர் ஆவியாகி பம்ப்பின் பிஸ்டனில் உப்பு படியும். அடுத்த முறை ஓட்டும்போது அந்தப் படிகம் கசிவைத் தடுக்கும் 'சீல்' வளையத்தை அரைத்துவிடும், கசியும், அழுத்தம் நிற்காது. செய்ய வேண்டியது சின்ன வேலை: முதலில் உப்பில்லாத தண்ணீரை ஓட்டி உப்பை வெளியேற்றி, பிறகு மெத்தனால் கலந்து ஓட்டி அப்படியே மூடி வைக்க வேண்டும். அவசரத்தில் நேராகச் சுத்தக் கரைப்பானை விட்டால் உப்பு குழாய்க்குள்ளேயே கட்டிப் போகும். இதை அறிந்த ஆளுக்கு மாதம் இரண்டாயிரத்துச் சொச்சம் சம்பளம் தராமல் மிச்சம் பிடித்ததில் இலட்ச வெள்ளிச் சாமான் துணி மூடி நிற்கும். மூன்று ஆண்டு கழித்துக் கணக்காய்வு வந்து, 'கருவி பயன்படுத்தப்படவில்லை' என்று எழுதும். வெட்டு என்று போன பணம் வீண் என்ற பெயரில் திரும்பி வருகிறது.

கட்டடங்களும் இதே கதைதான். ஒப்படைத்த பிறகு குறைபாட்டுப் பொறுப்புக் காலம் என்று ஒன்று உண்டு, அதற்குள் ஒழுகினால் குத்தகையாளர் சரிசெய்ய வேண்டும். காலம் முடிந்த மறுநாள் ஒழுகினால் அன்றாடப் பை. நம் ஊர் மழைக்குத் தட்டையான கான்கிரீட் கூரை போட்டவரை என்ன சொல்வது! பொறுப்புக் காலம் முடிவதற்கு மூன்று மாதம் முன்பு ஒரு முழு மழைக்காலச் சோதனை நடந்திருந்தாலே பாதிச் செலவு மிச்சம்.

இனி வீட்டுக் கணக்கு. முதலில் கடிதம் எந்த வழியில் வந்தது என்று பாருங்கள். யு.பி.யு. வழி வந்ததற்கும், பல்கலைக்கழகமே நேரடியாக நடத்தும் திறந்த வழிச் சேர்க்கைக்கும் கட்டணம் பல மடங்கு வித்தியாசப்படும். 2015இல் வெளியான உயர்க்கல்விப் பெருந்திட்டம் பல்கலைக்கழகங்களைச் சொந்த வருமானம் தேடச் சொன்னது. மேற்படிப்பு, வெளிநாட்டு மாணவர், குறுகிய காலப் பயிற்சி, வாடகை ஆகியவற்றோடு நேரடிச் சேர்க்கையும் அந்த வழிகளில் ஒன்று. அதே பெயர், அதே சின்னம், அதே வளாகம் என்பதால் கடிதத்தைப் பார்த்த சந்தோஷத்தில் 'சலுரான் தெர்புகா' என்ற இரண்டு சொல்லைக் கவனிக்காமல் ஏற்றுக்கொள்பவர்கள் உண்டு. ஏற்பு பொத்தானை அமுக்கும் முன் முழுப் படிப்புக்குமான மொத்தக் கட்டணத்தை எழுத்தில் கேளுங்கள். ஒரு செமஸ்டர் தொகையை மட்டும் சொன்னால் அதைச் செமஸ்டர் எண்ணிக்கையால் பெருக்கிப் பாருங்கள்.

ஊர்ப் பக்கத்திலேயே இருக்கும் யுனிசெல், அதாவது சிலாங்கூர் பல்கலைக்கழகம், விஷயத்திலும் குழப்பம் அதிகம். அது சிலாங்கூர் மாநில அரசுக்குச் சொந்தமானது, ஆனால் சட்டப்படி தனியார் உயர்கல்வி நிலையம். கூட்டரசு பொதுப் பல்கலைக்கழகங்களுக்கு ஒதுக்கும் பணத்தில் அது வராது. கட்டணமும் கடன் அளவும் தனியார் கணக்கில்தான் போகும்.

பி.டி.பி.டி.என். எனப்படும் அரசாங்க உயர்கல்விக் கடன் முழுமை, முக்கால், பாதி என்று மூன்று படியில் கிடைக்கும். குடும்ப வருமானமும் எஸ்.டி.ஆர். என்ற அரசாங்க ரொக்க உதவிப் பட்டியலில் பெயர் இருப்பதும் படியைத் தீர்மானிக்கும். தோட்டத்துக் குடும்பம் இங்கேதான் வழுக்குகிறது. செம்பனைக் காய் நிறைய விழுவது ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை. விண்ணப்பமும் அதே நேரம். குலைக்கணக்கு ஊக்கத்தொகையும் ஓவர்டைமும் சேர்ந்த அந்த மாதச் சம்பளச் சீட்டை இணைத்தால் வருமானம் உண்மையைவிடக் கூடுதலாகத் தெரியும். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி, அந்த மாதம் சீட்டில் 2,600 நிற்கும். ஆபீஸ் கிராணியிடம் இ.ஏ. பாரத்தைக் கேட்டு வாங்குங்கள். ஆண்டு வருமானம் அதில் இருக்கும், பன்னிரண்டால் வகுத்தால் உண்மையான மாத வருமானம். அதையும் சேர்த்து வையுங்கள். எஸ்.டி.ஆர். விவரத்தைக் குடும்பத்தில் யாரும் புதுப்பிக்காமல் விட்டிருந்தால், கடன் விண்ணப்பத்துக்கு முன்பே அதைச் சரிசெய்ய வேண்டும். பிறகு செய்தால் படி மாற மேல்முறையீடு, அலைச்சல்.

கடனுக்கு முன் மாணவர் பெயரில் எஸ்.எஸ்.பி.என். என்ற கல்விச் சேமிப்புக் கணக்கு வேண்டும், 20 வெள்ளியில் திறக்கலாம். எஸ்.டி.ஆர். பெறும் குடும்பத்துப் பிள்ளை பொதுப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தால் வாங் பெண்டாஹுலுவான் என்ற முன்பணம் 1,500 வெள்ளி வரை கேட்கலாம். அது இனாம் இல்லை, பின்னால் வரும் கடனில் கழித்துக்கொள்வார்கள். ஆனால் அதன் அருமை நேரத்தில் இருக்கிறது. கடனின் முதல் தவணை பதிவு நாளில் வராது. பதிவு முடிந்து, ஒப்பந்தம் முடிந்து, வாரங்கள் கழித்துத்தான் வரும், அதுவும் கட்டணம் போக மீதி. அந்த இடைவெளியைத் தாண்டத்தான் தாலியை அடகுக்கு எடுத்துப் போகிறார்கள். முன்பணம் கேட்க ஒரு காலவரை உண்டு. கடிதம் வந்த அன்றே தேதியைப் பார்த்துவிடுங்கள். பதிவுக் கட்டணம், தலையணை மெத்தை, போக்குவரத்து, முதல் மாதச் சாப்பாடு எல்லாம் சேர்த்து 2,000 வெள்ளியாவது கையில் இருந்தால் மூச்சு விடலாம்.

வளாகத்தில் கஷ்டப்படும் மாணவர்களுக்கு உதவி நிதி இருக்கிறது என்று கேள்விப்பட்டுப் போய், அது ஸக்காட் நிதி, முஸ்லிம் மாணவர்களுக்கு மட்டும் என்று சொன்னதும் திரும்பி வந்துவிடுகிறார்கள். அங்கேயே இன்னொரு கேள்வி கேட்க வேண்டும்: 'தாபோங் கெபாஜிகான் பெலாஜார் இருக்கிறதா?' மாணவர் விவகாரப் பிரிவு எனப்படும் எச்.இ.பி. கையில் இருக்கும் நலநிதி இது. விளம்பரம் இருக்காது, கேட்டால்தான் பாரம் வெளியே வரும். சிலாங்கூர்க்காரர்கள் மாநில அரசின் உதவிகளையும், தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்கான கட்டண உதவியையும் சட்டமன்ற உறுப்பினர் சேவை மையத்தில் விசாரிக்கலாம். அப்பாவின் தோட்ட வேலை உறுதிக் கடிதத்தைக் கையோடு கொண்டு போங்கள்.

இரண்டாம் ஆண்டை மறந்துவிடக் கூடாது. விடுதி இடம் முதல் ஆண்டோடு முடிந்துவிடுவது சகஜம். வெளியே அறை எடுத்தால் வாடகை, அதோடு போக்குவரத்து. வளாகப் பஸ் குறைந்த இடத்தில் கிராப் வாடகைக் கார் ஒருமுறைக்கு 6 வெள்ளி என்றால், நாளுக்கு இரண்டு நடை, வாரம் ஐந்து நாள், 14 வாரம்: ஒரு செமஸ்டருக்கு 840 வெள்ளி. பல்கலைக்கழகம் பஸ்ஸில் மிச்சம் பிடித்ததாகக் கணக்கில் காட்டும் பணம் இப்படி ஆயிரம் வீட்டுக் கணக்கில் போய் உட்காருகிறது. நாலு பேர் சேர்ந்து அறை எடுத்து ஒரே கிராப்பில் போவது ஒரு வழி. விடுதி மேல்முறையீட்டில் வீட்டிலிருந்து வளாகத்துக்கான தூரத்தையும் வருமானத்தையும் எழுதுவது இன்னொரு வழி. பலர் 'கஷ்டம்' என்று மட்டும் எழுதுகிறார்கள், கிலோமீட்டரை எழுதுவதில்லை.

சரி, வீண் எங்கே இருக்கிறது என்று எப்படிப் பார்ப்பது? தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கை நாடாளுமன்றத்தில் ஆண்டுக்குச் சில முறை தாக்கலாகிறது, கணக்காய்வுத் துறை இணையத்தளத்தில் இலவசம். நூற்றுக்கணக்கான பக்கத்தைப் படிக்கத் தேவையில்லை. கோப்பைத் திறந்து தேடும் பெட்டியில் மலாய் எழுத்தில் தட்டுங்கள்: பெம்பாசிரான் என்றால் வீண்செலவு. தீடாக் டிகுனாகான் என்றால் வாங்கிப் போட்டுப் பயன்படுத்தாதது. பாயாரான் தீடாக் தெராத்தூர் ஒழுங்கற்ற கட்டணம். லஞ்சூத்தான் மாசா கால நீட்டிப்பு. ஒரே திட்டத்துக்கு மூன்று நான்கு முறை நீட்டிப்பு என்றால் தாமதத் தண்டம் வசூலித்தார்களா என்று அடுத்த பத்தியைப் பாருங்கள். ருண்டிங்கான் தெருஸ் என்றால் டெண்டர் இல்லாமல் நேரடிப் பேச்சில் கொடுத்தது. ஒவ்வொரு கண்டுபிடிப்புக்கும் கீழே மாக்லும் பாலாஸ், அதாவது துறையின் பதில் இருக்கும். அறிக்கையில் ருசியான பகுதி அதுதான். 'விலையில் பயிற்சியும் அடங்கும்' என்ற வகைப் பதில்களில் எத்தனை சாமர்த்தியம் ஒளிந்திருக்கிறது என்று பழகினால் தெரியும்.

2006ஆம் ஆண்டு அறிக்கையில் வந்த 224 வெள்ளி ஸ்குரூ டிரைவர் செட் பலருக்கு நினைவிருக்கும். சந்தை விலை 40. 2008 அறிக்கையில் ஒரு திறன் கல்லூரி இரண்டு மடிக்கணினிக்கு 84,640 வெள்ளி கொடுத்திருந்தது. கேலி செய்ய இவை வசதி, ஆனால் பெரிய பணம் ஸ்குரூ டிரைவரில் போவதில்லை. 2022 ஆகஸ்டில் வெளியான பொதுக் கணக்குக் குழுவின் போர்க்கப்பல் அறிக்கையைப் பாருங்கள்: ஆறு கப்பலுக்கு 9.128 பில்லியன் ஒப்பந்தம், நேரடிப் பேச்சுவார்த்தையில் கொடுத்தது, 6.08 பில்லியன் கொடுத்தாகிவிட்டது, அதுவரை ஒரு கப்பலும் முடியவில்லை. 2017இல் 20 பல்கலைக்கழகங்களுக்கும் கிடைத்த முழு ஆண்டு நடைமுறைப் பணம் 6.12 பில்லியன். கப்பல் பணம் மேம்பாட்டுப் பை, அதை நேரே விரிவுரையாளர் சம்பளமாக மாற்றியிருக்க முடியாது என்பது உண்மைதான். ஆனால் மேம்பாட்டுக்கு வாங்கும் கடனின் வட்டி அன்றாடப் பையில் இருந்துதான் போகிறது. 2024இல் அரசாங்கத்தின் கடன் வட்டிச் செலவு ஏறக்குறைய 50 பில்லியன், உயர்க்கல்வி அமைச்சின் ஒதுக்கீட்டைப் போல மூன்று மடங்கு.

சின்ன அளவில் நடக்கும் வீணுக்கு இரண்டு அடையாளம். ஒன்று டிசம்பர். ஆண்டு முடிவில் செலவாகாத ஒதுக்கீடு கையை விட்டுப் போகும், அடுத்த ஆண்டு 'உங்களுக்குத் தேவையில்லை போல' என்று குறைப்பார்கள். அதனால் நவம்பர், டிசம்பரில் நாற்காலி, பேனர், செமினார் எல்லாம் திடீரென்று பூக்கும். இன்னொன்று மெமெச்சா கெச்சில்: ஒரு பெரிய கொள்முதலை மூன்று நான்காக உடைத்து, விலைப்புள்ளி வரம்புக்குக் கீழே கொண்டுவருவது. ஒரே மாதம், ஒரே கம்பெனி, ஒரே பொருள், வரம்புக்குக் கொஞ்சம் கீழே நிற்கும் மூன்று பில் என்றால் சந்தேகப்படலாம்.

பார்த்ததை எங்கே சொல்வது என்பதில் வரிசை முக்கியம். உள்ளே வேலை பார்ப்பவர் கண்ட ஊழலைச் சொல்வதானால் முதலில் ஃபேஸ்புக்கில் போட்டுவிடக் கூடாது. 2010இன் தகவல் தருவோர் பாதுகாப்புச் சட்டம், 711ஆவது சட்டம், எஸ்.பி.ஆர்.எம். என்ற ஊழல் தடுப்பு ஆணையம் போன்ற அமலாக்க நிறுவனத்திடம் சொன்னவரைத்தான் காக்கும். வெளியே சொன்னால் அந்தக் காப்பு கிடைக்காது. ஊழல் இல்லாத, வெறும் சேவைக் குறை என்றால் அமைச்சின் சிஸ்பா புகார் முறை போதும். சிலாங்கூர் மாநில நிறுவனம் சம்பந்தப்பட்டதானால் 2011இன் மாநிலத் தகவல் சுதந்திரச் சட்டப்படி ஆவணமே கேட்கலாம். எதற்காகக் கேட்கிறோம் என்று பாரத்தில் எழுத வேண்டும். கூட்டரசு பல்கலைக்கழகத்துக்கு அது செல்லாது. அதற்கு நாடாளுமன்ற உறுப்பினர்தான் வழி, ஏனென்றால் அமைச்சரிடம் எழுத்துப்பூர்வப் பதில் வாங்க அவரால் முடியும்.

அவருக்கு எழுதும் மனு ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. 'கல்வியில் வெட்டாதீர்கள்' என்று எழுதினால் 'கவனத்தில் கொள்ளப்படும்' என்றுதான் பதில் வரும். இப்படிக் கேளுங்கள்: இந்தப் பல்கலைக்கழகத்தின் கடந்த ஐந்தாண்டு நடைமுறை ஒதுக்கீடு, ஆண்டு வாரியாக எவ்வளவு? அதே ஆண்டுகளில் புதுப்பிக்கப்படாத ஒப்பந்த விரிவுரையாளர் எத்தனை பேர்? இரண்டாம் ஆண்டு மாணவரில் விடுதி கேட்டவர் எத்தனை, கிடைத்தவர் எத்தனை? எண்ணால் மட்டுமே பதில் சொல்ல முடிகிற கேள்வியாக இருக்கட்டும். பட்ஜெட் அக்டோபரில் தாக்கலாகும், அதன் மீதான விவாதம் ஆண்டு முடிவு வரை நடக்கும். அதனால் மனு செப்டம்பருக்குள் சேவை மையத்துக்குப் போய்விட வேண்டும். கணக்காய்வு அறிக்கையிலிருந்து எதையாவது சொல்வதானால் பக்க எண்ணை எழுதி, அந்தப் பக்கத்தை மட்டும் நகல் எடுத்துப் பின் செய்யுங்கள். இரண்டு பிரதி கொண்டு போங்கள். ஒன்று அவர்களுக்கு, மற்றதில் தேதியோடு தெரிமா சொப், அதாவது பெற்றுக்கொண்ட முத்திரை, அடித்து வாங்கிக்கொண்டு அதற்குப் பிறகு படியிறங்குங்கள்.